டீசலை விட்ட பேருந்துகளும் நம் ஊர் வண்டிகளும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், போக்குவரத்துக்குச் செலவாகும் பெட்ரோலியத்தைக் குறைக்க நகரங்களும் மாநிலங்களும் எடுத்த முயற்சிகளைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதில் தில்லிப் பேருந்துகளைக் குறித்து ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவை என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தில்லியில் ஓடிய டீசல் பேருந்துகள் எரிவாயுவுக்கு மாறியது நீதிமன்ற உத்தரவால்தான் என்கிறார்கள். ஒரு நகரம் எந்த எரிபொருளை எரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லலாமா? சொன்னாலும் அது நடந்துவிடுமா?
— கல்லூரி ஆசிரியை, மதுரை

பதில்: சொல்ல வேண்டிய நிலைக்கு நீதிமன்றம் தள்ளப்பட்டது. சொன்ன பிறகு அது நடந்து முடிய நான்கரை ஆண்டுகள் ஆயின. அந்த நான்கரை ஆண்டுகளில்தான் நாம் கற்க வேண்டியது அத்தனையும் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தில்லியின் காற்று மாசைக் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், பூரே லால் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஏற்று, 1998 ஜூலை 28 அன்று நீதிமன்றம் அந்த உத்தரவைப் பிறப்பித்தது. நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது சி.என்.ஜி.க்கு, மாற வேண்டும். பேருந்துகளின் எண்ணிக்கை 10,000 ஆக உயர வேண்டும். 1990-க்கு முந்தைய ஆட்டோக்களும் டாக்சிகளும் விலக்கப்பட்டு, தூய எரிபொருளில் ஓடும் புது வண்டிகள் வர வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. இந்த உத்தரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற இன்னொரு வரியும் அதில் உண்டு. அப்போது 9 ஆக இருந்த எரிவாயு நிரப்பு நிலையங்களை 2000 மார்ச் 31-க்குள் 80 ஆக்க வேண்டும் என்பதே அது. வண்டி மாறுவதற்கு ஓராண்டு முன்பே நிலையங்கள் தயாராக வேண்டும் என்று உத்தரவை எழுதியவர்கள் சரியாகவே கணக்கிட்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கு நடைமுறையில் குலைந்தது. வாயு கிடைக்காத ஊரில் யாரை நம்பி வண்டி வாங்குவது என்று பேருந்து உரிமையாளர்கள் கேட்டார்கள். வாயுவை வாங்க வண்டியே இல்லாத ஊரில் நிலையம் அமைத்து என்ன பயன் என்ற தயக்கம் மறுபக்கத்தில் இருந்தது. கெடு முடிந்தபோது மிகச் சில பேருந்துகளே மாறியிருந்தன. 2001 ஏப்ரல் தொடக்கத்தில் பேருந்துகள் இல்லாமல் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குச் செல்வோரும் தெருவில் நிற்க நேர்ந்தது. கெடு நீட்டிக்கப்பட்டது, பிறகும் நீட்டிக்கப்பட்டது.

கந்தகம் குறைந்த டீசலையே தூய எரிபொருளாக ஏற்கலாமே என்ற வாதமும் இதற்கிடையில் வலுத்தது. மத்திய அரசு அமைத்த மஷேல்கர் குழு, புகை எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று மட்டும் அரசு வரையறுக்க வேண்டும், எந்த எரிபொருள் என்பதை வண்டி தயாரிப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் விட்டுவிட வேண்டும் என்று கருத்துரைத்தது. கொள்கையளவில் அது நேர்மையான வாதம் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் டீசலில் மண்ணெண்ணெய் கலந்து விற்பது சாதாரணமாக இருந்த காலம் அது. பேருந்துக்குப் பேருந்து புகையை அளந்து நடவடிக்கை எடுக்கும் வலிமை எந்தத் துறைக்கும் இருக்கவில்லை. சிலிண்டரில் அடைத்த வாயுவில் மண்ணெண்ணெய் கலக்க வழியில்லை. கண்காணிக்க ஆள் இல்லாத இடத்தில், கலப்படம் செய்ய முடியாத எரிபொருளைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

நிரப்பு நிலையங்களின் முன் மைல் கணக்கில் நின்ற ஆட்டோ வரிசைகளை அந்நாளைய செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். குழாயில் வாயு நேரடியாக வந்து சேரும் நிலையத்தைத் தாய் நிலையம் என்பார்கள். அங்கே கம்ப்ரசர் வாயுவைச் சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு அழுத்தி வண்டியில் நிரப்பும். குழாய் எட்டாத இடங்களுக்கு லாரியில் சிலிண்டர் அடுக்குகளாக வாயு போகும். அவை சேய் நிலையங்கள். அடுக்கு நிறைந்திருக்கும்போது முதலில் வரும் வண்டிகள் விரைவாக நிரம்பும். வாயு குறையக் குறைய அழுத்தமும் குறைந்து, பின்னால் வரும் ஓட்டுநர் நெடுநேரம் நின்றும் அரைச் சிலிண்டரோடு திரும்புவார். அவரே மறுநாள் விடியும் முன்பு மீண்டும் அதே வரிசையில் நிற்பார். பார்ப்பதற்கு வாயுப் பற்றாக்குறை போலத் தெரிந்ததில் பெரும்பங்கு அழுத்தப் பற்றாக்குறைதான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உண்ணும் மனிதர்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் வருந்துகிறது. உத்தரவில் சொல்லியிருந்தபடி நிலையங்கள் முதலில் வந்திருந்தால் அந்த இரவுகள் அவர்களுக்கு நேர்ந்திருக்க மாட்டா.

2002 ஏப்ரல் 5 அன்று நீதிமன்றம் பொறுமை இழந்தது. தொடர்ந்து ஓடும் டீசல் பேருந்து ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய், முப்பது நாட்களுக்குப் பின் 1,000 ரூபாய் என அபராதம் விதித்து, மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அவற்றை விலக்கவும் ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கடைசி டீசல் நகரப் பேருந்தும் தடத்திலிருந்து வெளியேறியது.

தில்லியின் காற்று இன்றும் நலமாக இல்லையே என்று நீங்கள் கேட்கக்கூடும். அறுவடைக்குப் பின் வயலில் எரியும் வைக்கோல், கட்டுமானத் தூசி, தொழிற்சாலைகள், பெருகிவிட்ட தனியார் கார்கள் எனக் காரணங்கள் பல. பேருந்தின் எரிபொருளை மாற்றியது பேருந்துப் புகை என்ற ஒரு காரணத்துக்கு மட்டுமே விடை. இயற்கை எரிவாயுவும் நிலத்தடியிலிருந்து வருவதுதான். இந்தியா பயன்படுத்தும் வாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதி. தில்லி டீசலை விட்டது, புதைபடிவ எரிபொருளை விடவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் கட்டாயம் ஏதுமின்றி ஊர்க் கூட்டமைப்புகள் வழியாகவே பெட்ரோலியத்தைக் குறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கட்டாயம் இல்லாமல் யார் மாறுவார்கள்?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 'தூய நகரங்கள்' என்று பொருள்படும் 'கிளீன் சிட்டீஸ்' திட்டம். அங்கே கட்டாயமும் உண்டு, கூட்டமைப்பும் உண்டு. இரண்டும் தனித்தனியே நடந்தன. 1992-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம், மத்திய அரசும் மாநில அரசுகளும் புதிதாக வாங்கும் இலகு ரக வண்டிகளில் பெரும்பங்கு மாற்று எரிபொருளில் ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு எரிசக்தித் துறை தொடங்கிய கிளீன் சிட்டீஸ் திட்டத்தில் அட்லாண்டா நகரம் முதல் கூட்டமைப்பாக இணைந்தது. பின்னர் அந்த எண்ணிக்கை எழுபத்தைந்தைத் தாண்டியது. நகராட்சி, எரிவாயு நிறுவனம், மின் நிறுவனம், பள்ளிப் பேருந்து நடத்துபவர், குப்பை லாரி ஒப்பந்ததாரர் ஆகியோரை ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் கூட்டமைப்பின் வேலை. தில்லியில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்களே, அந்த முடிச்சை அபராதம் இன்றி அவிழ்ப்பதற்கான ஏற்பாடு இது. நிலையம் அமைப்பவருக்கு, முதல் நாளிலேயே இத்தனை வண்டிகள் வரும் என்று எழுத்தில் உறுதி கிடைத்துவிடுகிறது.

அந்த நாடு தடுக்கி விழுந்த இடத்தையும் சொல்ல வேண்டும். சட்டம் வண்டிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டதால், எத்தனாலிலும் பெட்ரோலிலும் ஓடக்கூடிய வண்டிகளை அரசு அலுவலகங்கள் ஏராளமாக வாங்கின. 85 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள் விற்கும் நிலையம் பல ஊர்களில் இல்லாததால் அவற்றில் பெட்ரோலையே ஊற்றினார்கள். ஏட்டில் இலக்கு நிறைவேறிவிட்டது, பெட்ரோல் குறையவில்லை. 2005-இல் சட்டத்தைத் திருத்தி, மத்திய அரசிடம் உள்ள, விலக்கு பெறாத இருவகை எரிபொருள் வண்டிகளில் மாற்று எரிபொருளையே பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நீங்கள் பொறியியல் படிப்பவர் என்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எந்தத் திட்டத்தின் அறிக்கையைப் படித்தாலும், எத்தனை வண்டிகள் என்ற எண்ணைத் தாண்டி, எத்தனை லிட்டர் பெட்ரோலியம் எரியாமல் மிஞ்சியது என்ற எண்ணைத் தேடுங்கள். கிளீன் சிட்டீஸ் கூட்டமைப்புகள் எல்லா எரிபொருளையும் பெட்ரோலுக்கு ஈடான அளவாக மாற்றியே கணக்குக் காட்டுகின்றன. அந்த முறைப்படி ஒரு கிலோ சி.என்.ஜி. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்கும், ஒரு லிட்டர் எத்தனால் மூன்றில் இரண்டு பங்கு லிட்டர் பெட்ரோலுக்கும் ஈடாகும்.

கேள்வி: மூன்று லாரிகள் வைத்திருக்கிறேன். கிடைக்கிற லோடு எந்த ஊருக்கோ அந்த ஊருக்குப் போகிற வண்டிகள். எனக்கு ஏற்ற மாற்று எரிபொருள் எது?
— லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: இன்றைய நிலையில் உங்கள் வண்டிகளை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெடுந்தூர லாரிக்குப் பொருந்துவது திரவ இயற்கை எரிவாயு. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் கன அளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குவதால், ஒரு தொட்டியில் நெடுந்தூரம் போகலாம். எண்ணூரில் 2019 முதல் அதற்கான இறக்குமதி முனையமும் இயங்குகிறது. ஆனால் அதை நிரப்பும் நிலையங்கள் நெடுஞ்சாலைகளில் மிகக் குறைவு. துறைமுகத்திலிருந்து ஒரே ஆலைக்குத் தினமும் ஓடும் வண்டிக்கு அது சரிப்படும். லோடைத் தேடிப் போகும் வண்டிக்குச் சரிப்படாது. உங்களால் இப்போதே செய்யக்கூடியது, திரும்பும்போது காலி வண்டியாக வருவதைக் குறைப்பதும், லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் என்ஜினை அணைத்துவைப்பதும்தான். கிளீன் சிட்டீஸ் கூட்டமைப்புகளும் நிறுத்தத்தில் என்ஜினை அணைப்பதால் மிஞ்சும் எரிபொருளைத் தங்கள் கணக்கில் சேர்க்கின்றன.

கேள்வி: என் ஆட்டோ எல்.பி.ஜி.யில் ஓடுகிறது. அப்படியானால் நான் பெட்ரோலியத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லலாமா?
— ஆட்டோ ஓட்டுநர், சென்னை பெரம்பூர்

பதில்: பெட்ரோலை விட்டுவிட்டீர்கள். ஆனால் எல்.பி.ஜி. என்பதில் 'பி' என்ற எழுத்தே பெட்ரோலியத்தைக் குறிக்கிறது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் இயற்கை எரிவாயுவைப் பிரிக்கும்போதும் கிடைக்கும் பொருள் அது. நம் நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. புகை குறைவு, பழைய வண்டியிலேயே கருவியைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதெல்லாம் உண்மையான நன்மைகள். அவற்றுக்காக நீங்கள் மகிழலாம். பெட்ரோலியத்திலிருந்து முழுமையாக விலகும் வழி உங்களுக்கு மின் ஆட்டோதான். இரவில் வண்டி நிற்கும் இடத்தில் பாதுகாப்பான மின் இணைப்பு இருந்தால், அடுத்த வண்டி வாங்கும்போது அதைக் கருதுங்கள். தெருவோரத்தில் நிறுத்துகிறவர் என்றால், ஸ்டாண்டுக்கு அருகே மின்னேற்றும் வசதி வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. தில்லி ஓட்டுநர்கள் வரிசையில் நின்ற கதையை மேலே படித்திருப்பீர்கள்.

கேள்வி: இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு என் பழைய காரின் மைலேஜ் குறைந்துவிட்டது. இது என் கற்பனையா? பிரேசிலில் மட்டும் எப்படி மக்கள் குறையில்லாமல் ஓட்டுகிறார்கள்?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: கற்பனை அல்ல, ஐயா. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் மொத்தத்தில் ஆறேழு விழுக்காடு குறைவது கணக்குப்படி சரியே. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட வரைவும், பழைய வகை நான்கு சக்கர வண்டிகளில் இதே அளவு இழப்பு ஏற்படும் என்று ஒப்புக்கொண்டது. இருபது விழுக்காட்டுக்கு ஏற்ப வடிவமைத்த புது வண்டிகளில் இழப்பு இதைவிடக் குறைவு. உங்களுடையது பழைய கார் என்றால், எரிபொருள் குழாய்களிலும் கசிவைத் தடுக்கும் அடைப்புகளிலும் உள்ள ரப்பர் பாகங்களை மெக்கானிக்கிடம் காட்டி, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரேசிலும் எளிதாக அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும், 1975-இல் கரும்பு எத்தனாலுக்கான தேசியத் திட்டத்தை அந்நாடு தொடங்கியது. 1979-இல் முழுக்க எத்தனாலில் ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. சர்க்கரை விலை ஏறிய 1980-களின் இறுதியில் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்ப, எத்தனால் கார் வைத்திருந்தவர்கள் எரிபொருளுக்குத் திண்டாடினார்கள். மக்களுக்கு அந்தக் கார்கள் மீதிருந்த நம்பிக்கையே போய்விட்டது. 2003-இல் பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் கார் வந்த பிறகே நம்பிக்கை திரும்பியது. அங்கே நிரப்பு நிலையத்தில் கலப்புப் பெட்ரோல், தனி எத்தனால் என இரண்டும் கிடைக்கின்றன. எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் எத்தனால், தாண்டினால் பெட்ரோல் என்று ஓட்டுநர்களே கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். நம் நாட்டில் அந்தத் தேர்வு வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்படவில்லை. ஆற்றல் குறைந்த எரிபொருளுக்கு ஏற்ற விலைக் குறைப்பும் தரப்படவில்லை. இறக்குமதியைக் குறைப்பதை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். ஆனால் அதன் செலவைப் பழைய வண்டிக்காரர் மட்டும் சத்தமில்லாமல் சுமப்பது நியாயமில்லை.

கேள்வி: எத்தனாலுக்காகக் கரும்பு போடச் சொல்கிறார்கள். எங்கள் பகுதியில் தண்ணீர் இருக்கும் நிலையில் இது சரியா?
— விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று, முன்பு குறிப்பிட்ட அதே நிதி ஆயோக் வரைவு கூறுகிறது. மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பகுதியில் அதற்காகவே புதிதாகக் கரும்பு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது நாட்டின் எத்தனாலில் பெரும்பங்கு மக்காச்சோளம் முதலான தானியங்களிலிருந்தே வருகிறது. அது கோழித்தீவனத்தோடு போட்டியிடுவது வேறொரு சிக்கல்.

உங்கள் பகுதிக்குப் பொருந்துவது கழிவிலிருந்து எடுக்கும் உயிரி எரிவாயு என்று நினைக்கிறேன். மக்கும் கழிவைக் காற்றுப் புகாத கலனில் நொதிக்கவைத்து, வரும் வாயுவிலிருந்து கரியமில வாயுவை நீக்கி அழுத்தினால், சி.என்.ஜி. வண்டியில் அப்படியே பயன்படுத்தலாம். இந்தூர் மாநகரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவை ஏற்று 17,000 கிலோ வாயு தரும்படி வடிவமைக்கப்பட்டது. அந்த வாயுவில் குறைந்தது பாதியை மாநகராட்சியே வாங்கி நகரப் பேருந்துகளுக்குப் பயன்படுத்துவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஈரக்குப்பையைத் தனியாகப் பிரித்துத் தரும் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கலந்த குப்பையை ஊற்றினால் எந்தக் கலனும் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். டெல்டாவில் சாணமும் சந்தைக் கழிவும் வைக்கோலும் உண்டு. வைக்கோல் எளிதில் நொதிக்காது. நறுக்கிப் பதப்படுத்திச் சாணத்தோடு கலக்க வேண்டும். கலனிலிருந்து மிஞ்சும் கூழ் வயலுக்கே எருவாகத் திரும்பும்.

கேள்வி: எங்களுடையது சிறிய நகராட்சி. குப்பை வண்டிகள், தண்ணீர் லாரிகள், அலுவலக ஜீப்புகள் என முப்பது வண்டிகளுக்குள்தான் இருக்கும். எங்கே தொடங்குவது?
— நகராட்சி உறுப்பினர், விருதுநகர் மாவட்டம்

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முப்பது வண்டிகள் சிறிய எண்ணிக்கை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை இரவில் ஒரே வளாகத்துக்குத் திரும்புகின்றன அல்லவா? அதுதான் உங்கள் கையில் இருக்கும் வசதி. தில்லியில் பேருந்துகளுக்குப் பணிமனையிலேயே நிரப்பு நிலையம் அமைக்க முடிந்தது. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று 120 மின் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோதும் வியாசர்பாடிப் பணிமனையில் மின்னேற்றும் கட்டமைப்பை முதலில் அமைத்தார்கள். ஊரெங்கும் நிலையம் தேவையில்லை. ஒரு வளாகத்தில் ஒன்று போதும். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் நகரப் பேருந்து 40 முதல் 50 லிட்டர் டீசல் குடிக்கும். வீட்டுக் கார் ஒன்று நாளைக்கு இரண்டு லிட்டர் எரித்தால், இருபது கார்களின் எரிபொருளை ஒரு பேருந்தை மாற்றினாலே மிச்சப்படுத்தலாம். அதனால்தான் உலகெங்கும் இத்தகைய முயற்சிகள் தனியார் காரிலிருந்து தொடங்காமல், பணிமனைக்குத் திரும்பும் வண்டிகளிலிருந்து தொடங்குகின்றன. சீனத்தின் ஷென்சென் நகரம் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை 2017 இறுதிக்குள் மின்சாரத்துக்கு மாற்றியதும் இதே வழியில்தான்.

முதலில் ஓராண்டு லாக் புத்தகங்களை எடுத்து, ஒவ்வொரு வண்டியும் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் எரித்தது என்று எழுதுங்கள். தெருத்தெருவாக மெதுவாக நின்று நின்று போகும் குப்பை வண்டிதான் ஒரு கிலோமீட்டருக்கு மிக அதிகமாக எரிக்கும். வீடுதோறும் குப்பை எடுக்க மின்கல வண்டிகள் நம் மாநிலத்தில் பல உள்ளாட்சிகளில் ஏற்கெனவே ஓடுவதால், அவற்றை ஓட்டுகிறவர்களிடம் நேரில் போய்ப் பேசுங்கள். மின்கலம் எத்தனை மாதங்களில் தளர்ந்தது, பழுதானால் யார் வருகிறார்கள் என்பதை விற்பவரைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். பிறகு வளாகத்தின் மின்மாற்றி எத்தனை வண்டிகளை ஒரே இரவில் தாங்கும் என்று மின்வாரியப் பொறியாளரைக் கேளுங்கள். வண்டிக்கான ஆர்டரை அதற்குப் பின்பே கொடுங்கள். தண்ணீர் லாரிக்கு அருகில் சி.என்.ஜி. பங்க் இருந்தால் அதைக் கருதலாம். இல்லையென்றால் அது டீசலிலேயே இன்னும் சில ஆண்டுகள் ஓடட்டும்.

ஒரே நேரத்தில் முப்பதையும் மாற்ற வேண்டியதில்லை. ஐந்து வண்டிகளை மாற்றி, மாதந்தோறும் எத்தனை லிட்டர் குறைந்தது என்பதை மன்றக் கூட்டத்தில் வையுங்கள். அந்தக் கணக்கின் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்பினால், மற்ற நகராட்சிகள் பார்க்கும்படி இதே பகுதியில் வெளியிடுகிறோம்.